பீப் வரும்வரை

டாக்டர் லாவண்யா கேட்டது சீதா மாமியை. பதில் சொன்னது மாமியின் புருஷன் வேதாந்தம் மாமா.

உடம்புக்கு என்ன என்று கேட்டால், அவளுக்கு ஒன்றுமில்லை, வெறும் வாயு என்றார். தூக்கம் எப்படி என்றால், அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறாள் என்றார். பசிக்கிறதா என்றால், உருளைக்கிழங்கு ரோஸ்டைக் கண்டால் விடமாட்டாள் என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

மாமி வாயைத் திறப்பார். அதற்குள் இவர் முந்திக்கொள்வார். மாமி மூடிக்கொள்வார்.

மயிலாப்பூரில் இந்த கிளினிக்கில் நர்ஸாக இருந்து எத்தனையோ ஜோடிகளைப் பார்த்துவிட்டேன். ரிட்டயரான அதிகாரிகள்தான் படுமோசம். அதட்ட ஆபீஸில் ஆள் இல்லாமல் போனதும் பெண்டாட்டியின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அதிகாரியாகிவிடுகிறார்கள்.

அடிக்கடி வியர்க்கிறதா என்றார் டாக்டர். மெட்ராஸில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை என்றார் மாமா. ஜீரணத்துக்கு ஒரு மாத்திரை எழுதினால் போதுமாம். பிரதோஷக் கூட்டம் சேருவதற்குள் மாட வீதியைத் தாண்ட வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். கண் சிவந்திருக்கிறதே, உங்களுக்குக் காய்ச்சலோ என்றார்.

தன் உடம்பு என்றதும் மனிதர் ஆடிப்போனார். டாக்டர் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்து காட்டினார்.

டாக்டர் டிராயரிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தார். பீப் சத்தம் வரும்வரை உதட்டைப் பிரிக்கக் கூடாது என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"இப்ப நீங்க சொல்லுங்க மாமி."

மாமி முதலில் புருஷனைப் பார்த்தார். அவர் கண்ணை உருட்டினார். வாய் மட்டும் திறக்கவில்லை.

"படி ஏறினா நெஞ்சை அடைக்கறது டாக்டர். இடது கையெல்லாம் இழுக்கறது. தூங்கியே ரொம்ப நாளாச்சு. இவர்ட்ட சொல்லிண்டேதான் இருக்கேன்."

டாக்டர் உடனே எழுந்துவிட்டார். நான் மாமியைக் கைத்தாங்கலாகப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் இ.சி.ஜி. எடுத்தேன். மாமியின் கை சில்லிட்டிருந்தது. பேப்பர் பாதி வெளியே வரும்போதே டாக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

மாமியின் செருப்பை எடுக்கத் திரும்பி வந்தேன். வேதாந்தம் மாமா நிமிர்ந்து உட்கார்ந்து உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் என்ன என்று கேட்கவில்லை. இன்னும் சத்தம் வரவில்லையே என்று தெர்மாமீட்டரைத்தான் ஜாடையில் காட்டினார்.

வரும், இருங்கள் என்றேன்.

நோயாளிகளுக்கு வைக்கும் தெர்மாமீட்டர் என் பாக்கெட்டில் இருந்தது. அவர் வாயில் இருந்ததில் பாட்டரி கிடையாது. அது புருஷன்மார்களுக்கென்று டாக்டர் தனியாக வைத்திருப்பது.