மணிக்கூட்டுக் கோபுரத்து ஒழுங்கை

“நீர் முதல்ல வந்து சேரும் ஞானம். இஞ்சை பழைய டவுன் எண்டு ஒண்டு இருக்கு. கோட்டை வாசல், மணிக்கூட்டுக் கோபுரம், கல்லுப் பதிச்ச ஒழுங்கையள்... எல்லாத்தையும் உம்மடை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவன்.”

“வெள்ளைக்காரர் பாக்கக் கையைப் பிடிச்சுக்கொண்டோ? எனக்கு வெக்கமாயிருக்கும்.”

“இஞ்சை புருசன் பெஞ்சாதி கையைப் பிடிக்காமல் போனால்தான் ஆக்கள் திரும்பிப் பாப்பினம்.”

கொழும்பு லொட்ஜில் நின்று ஞானேஸ்வரி கணவனோடு தொலைபேசியில் பேசிய அந்தப் பேச்சுக்கு இரண்டு வருடமாகிறது. பயணம் இழுபட்டு இழுபட்டு, போன மாதம்தான் அவள் சுவிஸில் இருக்கும் சோலோதுர்னுக்கு வந்து சேர்ந்தாள். கணவன் சண்முகலிங்கம் ரயில் நிலையத்துக்குக்கூட வரவில்லை. நண்பன் மரியதாசைத்தான் அனுப்பியிருந்தான்.

அந்தக் கோபம் அன்றிரவே கரைந்துவிட்டது. மேசை விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணியைக்கூட அவள் அவன் கையில் கொடுத்தால்தான் குடித்தான். செல்லம் கொண்டாடுகிறான் என்று அவளும் சிரித்துக்கொண்டாள்.

ஆனால், பழைய டவுன் பக்கம் மட்டும் அவளைக் கூட்டிப் போகவே இல்லை. கேட்டால் வேலை, குளிர், பிறகு பாப்பம். ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு.

அன்று சனிக்கிழமை. பக்கத்து ஊரான லாங்கன்தாலிலிருந்து சந்தைக்கு வந்த அவர்களுக்குத் தெரிந்த சரோஜினிதேவி, லீக்ஸ் தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்த பையோடு வந்து கதிரையில் அமர்ந்தாள்.

“உம்மடை மனுசன் எங்கை ஞானம்?”

“ரெஸ்டோரன்ட்டில. சனிக்கிழமையில ஓவர்டைம் எண்டவர்.”

“ஓவர்டைமோ? நல்ல ஓவர்டைம்தான்! இப்ப சந்தையில கண்டுட்டு வாறன். ஒரு வெள்ளைக்காரியின்ரை கையைக் கோத்துக்கொண்டு, மாப்பிள்ளை பொம்பிளை ஊர்வலம் போறமாதிரி, மெல்ல மெல்ல...”

“அவராயிராது. வேறை ஆரும்.”

“இந்த ஊரில அந்த மீசையோடை வேறை ஆர் திரியினம்? நான் ஏன் பொய் சொல்லுறன்? போய்ப் பாருமன்.”

ஊற்றிய தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, சேலைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஞானேஸ்வரி இறங்கினாள்.

பாலத்தைக் கடந்தபோது, அவன் சொன்ன ஊர் கண்முன் விரிந்தது. நீலமும் பச்சையுமாக யன்னல் பலகைகள். வண்ணம் பூசிய போர்வீரன் சிலை உச்சியில் நிற்க, சளசளவென்று கொட்டும் தண்ணீர்த் தொட்டி. எதையும் ரசிக்கிற மனம் அவளுக்கு இல்லை. அந்தத் தொட்டியடியில்தான் அவர்கள் நின்றார்கள்.

நாற்பது வயது மதிக்கத்தக்க பொன்னிறத் தலைமயிர்க்காரி. அவள் அவனுடைய கையை எடுத்துத் தொட்டியின் கல் விளிம்பில் வைத்து ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான். இந்த ஒரு மாதத்தில் வீட்டில் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

பிறகு இருவரும் கை கோத்தபடி, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பினார்கள்.

ஞானேஸ்வரி மறுபக்கத்தால் சுற்றி ஓடி வந்து, அந்த ஒழுங்கையின் நடுவில் நின்றாள். 'என்னைக் கண்டதும் அந்தக் கையை விடுறாரோ பாப்பம். விட்டால் வீட்டை போய்க் கதைக்கலாம். விடாட்டி எனக்கு இந்த ஊரில என்ன வேலை?'

அவன் நெருங்கி வந்தான். கண்கள் நேரே அவள்மீது இருந்தன.

கையை விடவில்லை.

அவனுடைய தோள் அவள் தோளில் இடித்தது. “எக்ஸ்கியூசி” என்றான், வழியில் போகிற யாரோ ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல. அப்படியே கடந்து போனான்.

நகைகளை விற்று, நாடு நாடாய்க் கிடந்து வந்தது இதற்காகவா? வெள்ளைக்காரர் பார்ப்பார்கள் என்ற வெட்கமெல்லாம் பறந்துபோயிற்று.

“இஞ்சேருங்கோ! கட்டின பெஞ்சாதியையும் ஆரெண்டு தெரியேல்லையோ?”

கல் சுவர்களில் மோதிக் குரல் ஒழுங்கை முழுவதும் எதிரொலித்தது.

சண்முகலிங்கம் திடுக்கிட்டுத் திரும்பினான். பொன்னிறத் தலைமயிர்க்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் தோள்பையிலிருந்து மடித்த வெள்ளைத் தடி ஒன்றை எடுத்து அவனுடைய கையில் வைத்துவிட்டு, மெல்ல விலகி நின்றாள்.

“ஞானம்... நீரோ?” அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்டான். “எந்தப் பக்கம் நிக்கிறீர்?”

அவன் வெறுங்கை காற்றில் துழாவியது.

“போன வருசம் கண் மங்கத் தொடங்கினது. விளக்குக்குக் கிட்ட வைச்சால் கொஞ்சம் தெரியும். அதுவும் கன நாளைக்கு இல்லையெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். முன்னமே சொன்னால் நீர் வராமல் விட்டிடுவீரோ எண்டு பயம். இவ கண் தெரியாத ஆக்களுக்கு நடக்கப் பழக்கிற ரீச்சர். தடியோடை போனால் எங்கடை ஆக்கள் கண்டு கதைப்பினம் எண்டுதான் இவவின்ரை கையைப் பிடிச்சனான்...”

துழாவிய கை அவளுடைய விரல்களில் தட்டுப்பட்டதும் இறுகப் பற்றிக்கொண்டது.

“நீர் வந்த நாள் துவக்கம் ஒண்டு கேக்கவேணும் எண்டு நினைக்கிறன் ஞானம், வாய் வரேல்லை. இந்த ஊரை நீர் என்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவீரோ?”