சிரிக்காத மாமியார்

மாமியார் மறுபடியும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

மருமகள் அப்படியொன்றும் தப்பாகப் பேசிவிடவில்லை. நர்சிங் கல்லூரியில் நடந்த கூத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நோயாளியைப் படுக்கையிலேயே குளிப்பாட்டிப் பழக அங்கே ஒரு பொம்மை உண்டு. அதன் கால் கழன்று கையோடு வந்துவிட, கூடப் படிப்பவள் பதறிப்போய்ப் பொம்மையிடமே "வலிக்குதாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமியாரோ உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு எழுந்தார். குளியலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"அத்தைக்கு என்னைப் பிடிக்கவே இல்லங்க," என்றாள் மருமகள்.

"அப்படியெல்லாம் இல்ல. ஒரு காலத்துல அம்மா சிரிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். இப்ப வயசாயிடுச்சு, அவ்வளவுதான்," என்றான் அவன்.

மாமியார் வேறு துணி மாற்றிக்கொண்டு வந்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டார். அவர் பெரிய சுத்தக்காரி, நினைத்தால் துணி மாற்றுவார். கல்யாணம் காட்சி என்று எங்கும் போவதில்லை.

மருமகளுக்கு அன்றைக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் செய்முறைத் தேர்வு. பெண்கள் பிரிவில் ஒரு நோயாளியிடம் அந்தரங்க நோய்களைப் பற்றிக் கூச்சமில்லாமல் விசாரிக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் அவளை 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ரேடியோ இந்த விஷயத்தில் மட்டும் கப்சிப்.

போன தடவை, "உங்களுக்கோ வீட்டுக்காரருக்கோ வேறு யாருடனாவது உறவு உண்டா?" என்று கேட்க வேண்டிய இடத்தில் வாய் வராமல், "உங்க வீட்டுக்காரர் வெளியூர் போவாரா?" என்று கேட்டுவைத்தாள். அந்த அம்மாளும் வஞ்சகமில்லாமல், அவர் லாரியில் எந்தெந்த ஊருக்குப் போவார், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

பழகிப் பார்க்கலாம் என்று புருஷனை நோயாளியாக உட்காரவைத்தாள். அவன் முந்தானையாக ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, "எனக்கு மசக்கை டாக்டர்," என்று ஆரம்பித்ததுமே எல்லாம் கெட்டது.

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "நீ வெளியே போடா. நான் உட்காருறேன்."

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைச் சாத்திவிட்டு மாமியார் எதிரில் வந்து உட்கார்ந்தார், கால்மேல் கால் பின்னிக்கொண்டு.

வயது, பிரசவங்கள், மாதவிடாய் நின்றது எப்போது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். வேறு உறவு பற்றிய அந்தக் கேள்வியும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டாள். எல்லாரிடமும் கேட்பதுதான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"அந்த மனுஷன் இருந்தவரைக்கும் கடைதான் அவருக்கு இன்னொரு சம்சாரம். வேற யாரும் கிடையாது," என்றார் மாமியார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

அவ்வளவுதான், மருமகளின் கூச்சம் போன இடம் தெரியவில்லை. புண், அரிப்பு, வெள்ளைப்படுதல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவும் இல்லை என்றார்.

"இருமினா, தும்மினா, சிரிச்சா, அடக்க முடியாம ஒண்ணுக்குப் போயிடுதா?"

"போயிடுது. துணி நனைஞ்சிடுது."

"கீழே ஏதாவது இறங்கி வர்ற மாதிரி இருக்கா?"

"கனமா எதையாவது தூக்கினா ஒரு உருண்டை கையில தட்டுப்படும். படுத்தா உள்ளே போயிடும்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இதைப் போய் யார்கிட்டம்மா சொல்றது?"

பாடத்தில் இருக்கிற மாதிரியே சொல்கிறாரே என்று மருமகள் பூரித்துப் போய்க் குறித்துக்கொண்டாள். இதற்குக் கருப்பை இறக்கம் என்று பெயர் என்றாள். பிள்ளை பெற்ற எத்தனையோ பெண்களுக்கு வருவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை, பயிற்சி இருக்கிறது, தாங்கிப் பிடிக்க உள்ளே வைக்கும் வளையம் இருக்கிறது, தேவைப்பட்டால் ஆபரேஷனும் இருக்கிறது என்று ரேடியோ தன் பாட்டுக்குப் பாடியது.

"நாளைக்கு நீ போற ஆஸ்பத்திரியில பார்ப்பாங்களா?"

"பார்ப்பாங்கம்மா. பயமா இருந்தா நானே பக்கத்துல நிக்கிறேன்."

மாமியார் தலையாட்டினார். மருமகள் நோட்டை மூடிவிட்டுக் கையைத் தட்டினாள்.

"அத்தை, பிரமாதமா நடிச்சீங்க. நாளைக்கு நெஜ பேஷண்ட் உங்க அளவுக்கு நடிக்கலைன்னா, 'போயி எங்க அத்தைகிட்ட படிச்சுட்டு வாங்க'ன்னு அனுப்பிடுவேன்."

மாமியாரின் உதடு துடித்தது. சட்டென்று அதைக் கடித்துக்கொண்டு எழுந்தவர், கதவைத் திறந்து குளியலறைப் பக்கம் விரைந்தார்.

மருமகளின் முகம் வாடிப்போனது. இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "நான் வாயைத் திறந்தாலே எழுந்து போயிடுறீங்களே அத்தை. சிரிச்சா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கால்களை இறுக்கிப் பின்னியபடி மாமியார் திரும்பினார். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி நின்றது.

"சிரிச்சா எனக்கு என்ன ஆகும்னு இப்பதானேம்மா எழுதிக்கிட்டே!"