பதினேழாம் நம்பர் சாம்பிள்

“வாயைத் திறந்து பேசுங்க, மிஸ்டர் ஏகநாதன். இது நீங்க செஞ்ச மெஷின்தானா?”

கமிட்டித் தலைவர் லக்ஷ்மிநாராயணன் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். சிறு தொழில்களுக்கான அரசு ஆராய்ச்சி மானியத்துக்கு அன்று தாம்பரத்தில் நேர்காணல். இருபத்திரண்டு பேரையும் முடித்துவிட்டு, அவர் மீனம்பாக்கத்தில் மதிய விமானத்தைப் பிடித்தாக வேண்டும்.

பதினேழாவது ஆளான ஏகநாதன் வேகமாகத் தலையாட்டினார். சேலையூர் கேம்ப் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். மே மாத வெயிலிலும் கழுத்துப் பட்டனைப் போட்டு, மேலே ஒரு கைக்குட்டையையும் கட்டியிருந்தார்.

அவர் மனைவி கிளியம்மாள் பின்னாலிருந்து, “சார், மெஷின் டேபிள் மேல இருக்கும்னு லெட்டர்ல போட்டிருந்தீங்களே?” என்றாள்.

“ஸ்டோர் கீப்பர் சாவியோட வெளியே போயிருக்கார். இவர் வாயால சொன்னாலே போதும். நீங்க யாரும்மா?”

“இவரோட சம்சாரம் சார். டெஸ்டுக்குன்னு வாங்கி மூணு மாசம் ஆச்சு. இருந்ததே அது ஒண்ணுதான். அது இல்லாம இவரு...”

“எல்லாரும்தாம்மா சாம்பிளைக் குடுத்துட்டுக் காத்திருக்காங்க. விண்ணப்பதாரர் மட்டும்தான் பேசணும், அது ரூல். வெளியே இருங்க.”

பியூன் அவளைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டான்.

“‘பேட்டரியில் இயங்கும் ஒலிக்கருவி’ன்னு போட்டிருக்கு. சர்க்யூட் யார் போட்டது?”

ஏகநாதன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு கழுத்தில் கை வைத்தார்.

“தண்ணி வேணுமா? பயப்படாதீங்க” என்று தலைவர் டம்ளரை நகர்த்தினார். ஏகநாதன் அவசரமாகப் பேனாவை எடுத்தார்.

“எழுதினதெல்லாம் பார்த்தாச்சு சார். வாயால சொல்லுங்க.”

ஏகநாதனின் உதடு துடித்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

பக்கத்து உறுப்பினர் தலைவரின் காதருகே குனிந்தார். “வேற யாரோ போட்ட டிசைன் சார். மானியத்துக்காக இவரை முன்னால நிறுத்தியிருக்காங்க. தெரிஞ்சிருந்தா ரெண்டு வார்த்தை வராதா?”

தலைவர் சிவப்பு மையில் எழுதி ஃபைலை மூடினார். அடுத்த ஆளுக்கு பெல் அடித்தார்.

ஸ்டோர் கீப்பர் சவுரிமுத்து சாவியோடு வந்தபோது மணி ஒன்று. வாசலில் கமிட்டியின் அம்பாசிடர் கிளம்ப நின்றிருந்தது.

“தள்ளுபடியான சாம்பிளை இன்னிக்கே எட்த்துகினு போயிடணும். இங்க வெக்கக் கூடாதாம்” என்று சீல் வைத்த கவரை நீட்டினார் சவுரிமுத்து. உள்ளே இருந்தது ஒரு சின்ன டார்ச் லைட் அளவுக்குத்தான் இருந்தது.

ஏகநாதன் கவரைப் பல்லால் பிய்த்தார். கிளியம்மாள் பையிலிருந்து புது பேட்டரியை எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினார். கார் கேட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பிவிட்டது.

நின்ற இடத்திலேயே கைக்குட்டையை இழுத்து அவிழ்த்தார். குரல்வளையை எடுத்த ஆபரேஷன் தழும்புக்கு மேலே கருவியை அழுத்திப் பிடித்து, பட்டனைத் தட்டினார். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல், வெறும் ரோட்டைப் பார்த்துச் சொன்னது:

“நான்தான் சார் செஞ்சேன்.”