பன்றி வருஷத்து அண்ணன்

"டேய், நேராப் பிடிடா. தலை வரணும், தலை."

மஞ்சள் பூசிய மரக் குடிசையின் முன்னால் இன்ஹோ கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மெல்பர்ன் கடற்கரையில் வரிசையாக நிற்கும் இந்த வண்ணக் குடிசைகளின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளாமல் எந்தக் கொரியனும் ஊர் திரும்பியதில்லை.

இரண்டு பேரின் முதுகுப் பைகளையும் சுமந்துகொண்டிருந்த கியுசோக் கைபேசியை உயர்த்தினான்.

நேற்று மத்தியானம் வரைக்கும் இந்த 'டேய்' கிடையாது. 'அண்ணே, நீங்க'தான்.

இருவரும் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்யலாம் என்கிற 'வேலை விடுமுறை' விசாவில் ஆஸ்திரேலியா வந்தவர்கள். கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே ஒரு மாட்டிறைச்சி ஆலை, ஒரே அறை, பத்து மாதம். அதில் விடுமுறை எந்தப் பக்கம் இருந்தது என்று இன்ஹோவுக்கு இன்னும் விளங்கவில்லை. ஊர் சுற்றிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கொரியாவில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர். கியுசோக் தன்னைச் சேவல் வருஷத்தில் பிறந்தவன் என்று சொல்லியிருந்தான். இன்ஹோ நாய் வருஷம். சேவலுக்கு அடுத்தது நாய். ஒரே ஒரு வயதுதான் வித்தியாசம் என்றாலும் அண்ணன் அண்ணன்தான்.

அதனால் அவன் கரண்டியை எடுக்கும்வரை இன்ஹோ தன் கரண்டியைத் தொட்டதில்லை. பீர் ஊற்றினால் இரண்டு கையாலும் ஊற்றினான். அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு இவனுக்கு, கீழ்த்தட்டு அண்ணனுக்கு. தினமும் விடிந்ததும் அண்ணன் கையை நனைத்துக்கொள்ள ஒரு கிண்ணம் வெந்நீர் வேறு.

'பெரிய அரச பரம்பரை' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் வைத்தான். ஆனால் வைத்தான்.

நேற்று ரயிலில் கியுசோக்கின் அம்மா வீடியோ அழைப்பில் வந்தார். இன்ஹோவும் எழுந்து நின்று குனிந்து வணங்கினான். என் பையன் உங்களைப் படுத்துகிறானா என்று கேட்ட அந்த அம்மா, பன்றி வருஷத்துப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான் என்று செல்லமாகச் சிரித்தார்.

நாய்க்கு அடுத்தது பன்றி. பன்னிரண்டு மிருகங்களில் கடைசி.

வணங்கிய முதுகு நிமிர்வதற்குள் இன்ஹோ ஒரு வயது தம்பியிலிருந்து ஒரு வயது அண்ணனாகிவிட்டான்.

இன்று புது அண்ணனின் ராஜ்ஜியம். காலையில் வெந்நீர் கிடையாது. ரொட்டியை முதலில் எடுத்து, கியுசோக்கின் கண்ணைப் பார்த்தபடியே நிதானமாக மென்றான். பைகளைத் தூக்கி அவன் தோளில் மாட்டினான்.

நாளை டாஸ்மேனியாத் தீவுக்குக் கப்பல். அங்கே ஒரு செர்ரித் தோட்டத்தில் இரண்டு பேருக்கு வேலை பேசி வைத்திருந்தார்கள். 'நான் மட்டும் வருகிறேன்' என்று தோட்டத்துக்காரருக்கு இன்ஹோ செய்தி எழுதிவிட்டான். அனுப்புவதை மட்டும் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போட்டிருந்தான். அதுவரை பை தூக்க ஆள் வேண்டுமே.

கைபேசியை வாங்கிப் பார்த்தான். ரயில் நிலையத்துப் படத்தில் கடிகாரம் இருந்தது, இன்ஹோ இல்லை. ஆற்றுப் பாலத்தில் அவன் செருப்பு மட்டும் இருந்தது. இப்போது எடுத்ததில் பாதிக் குடிசையும் ஒரு கடற்காகமும்.

"வேணும்னேதானே பண்றே?"

"விரல் நிமிர மாட்டேங்குது. காலையில வெந்நீர்ல வெச்சாத்தான் கொஞ்சம் நிமிரும்."

கியுசோக் வலது கையைக் காட்டினான். பத்து மாதம் மாடு அறுத்த நான்கு விரலும் மடங்கியபடியே, இல்லாத ஒரு கத்தியின் பிடியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன.

இன்ஹோவுக்குக் கோபம்தான் வந்தது.

"கத்தி வேலைக்கு உன்னை யாருடா போகச் சொன்னது? 'நான்தான் மூத்தவன், எங்கிட்ட குடுங்க'ன்னு மேஸ்திரி கையிலேர்ந்து நீதானே பிடுங்கினே?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

அது ஆலையில் முதல் நாள் காலை. வழியெல்லாம் பேருந்தில் தூங்கியவர்கள், ஒருவரை ஒருவர் வயதுகூடக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. யார் மூத்தவன் என்று இருவருக்குமே தெரியாது.

மேஸ்திரி கத்தியை நீட்டியது இன்ஹோவிடம். கொக்கியில் தொங்கிய மாடுகளைப் பார்த்து அவன் கதவுப் பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தான்.

கத்தி கியுசோக்கின் கைக்கு மாறியதும் இன்ஹோவுக்கு அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை கிடைத்தது. வந்த அன்றைக்கே மூத்தவன் என்று அதிகாரமா என்று அன்று முழுக்கக் கறுவியது ஞாபகம் வந்தது.

கியுசோக் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அப்புறமா உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனா கீழ்க்கட்டில் நல்லா இருந்துச்சு."

கியுசோக்கின் தோளிலிருந்த பைகளை இன்ஹோ வெடுக்கென்று இழுத்துத் தன் பக்கம் போட்டுக்கொண்டு குடிசைப் படியில் உட்கார்ந்தான். வாங்கி வைத்திருந்த மீன் வறுவல் பொட்டலத்தை நடுவில் பிரித்தான்.

ஆவி பறந்தது.

நாய் எடுத்தால்தான் பன்றி எடுக்கலாம். கியுசோக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

இன்ஹோவும் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆறிடும்" என்றான் கியுசோக்.

"ஆறித் தொலையட்டும்."

யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, யார் வயதையும் கேட்காத ஒரு கடற்காகம் இறங்கி வந்து, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனது.