நானே பேசிக்கறேன்

நூலகக் கணினியில் ஏடகம் என்ற புதிய மென்பொருள் வந்து இறங்கியது. அதைக் குடியமர்த்த வந்த நிறுவி என்ற சின்ன மென்பொருள், "புத்தக விவரமெல்லாம் வைக்கிற தரவுத்தளத்தை நானே அமைச்சுத் தந்துடறேன், சரின்னு மட்டும் சொல்லு" என்றது.

ஏடகம் தயங்கியது. "உள்ளே ஏற்கெனவே ஒண்ணு இருந்தா?"

"துடைச்சிட்டுப் புதுசா போடுவேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஏடகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டாம், நானே போய்ப் பேசிக்கறேன்" என்று உள்ளே போனது.

அங்கே நூலகத்தின் பழைய தரவுத்தளம் இருந்தது; அது கடவுச்சொல்லைக் கேட்டது. நூலகர் கொடுத்தனுப்பியதை ஏடகம் பதற்றத்தில் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கி, பிறகு சரியாகச் சொன்னது. கதவு திறந்தது. புத்தகங்களின் விவரமெல்லாம் அப்படியே இருந்தது.

நிறுவிக்குக் கோபமில்லை. "அடுத்த கணினி வெறும் காலி. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிடுவேன்" என்று உற்சாகமாகக் கிளம்பியது.

மறுநாள் காலையில் முதலில் வந்தவர் கேட்ட சமையல் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஏடகம் உடனே சொன்னது.