ஆள் சாய்ந்தாலும் விழாது

பாதை திறந்த கையோடு தோமஸ் கொழும்பிலிருந்து மன்னாருக்கு வந்திறங்கினான். வீட்டுக்குப் போகவில்லை. நேரே உப்புக்குளத்தில் இருந்த லோறன்ஸின் வீடியோக் கடைக்குத்தான் போனான்.

"தங்கச்சியின்ர கலியாணக் கசெற்றைப் போடு தம்பி. வீட்டை போனா அம்மா அழுவா, நிம்மதியாப் பாக்க ஏலாது."

யுத்தத்தில் பாதை பூட்டிக் கிடந்ததால் தங்கை அன்ரோனெற்றின் கலியாணத்துக்கு அவனால் வர முடியவில்லை. அடுத்த மாதம் அப்பா போய்ச் சேர்ந்தபோது தந்திதான் வந்தது; செத்தவீட்டுக்கும் வர முடியவில்லை. இனி அவனுக்கு மிச்சம் இந்தக் கசெற்தான்.

கசெற் ஓடியது. படத்தில் கோயில் ஆடியது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடினார்கள். சுவாமியாரும் சேர்ந்து ஆடினார்.

"என்னடாப்பா இது, வள்ளத்தில இருந்தோ எடுத்தனீ?"

லோறன்ஸ் தலையைச் சொறிந்தான்.

"நான் அனுப்பின ஸ்ராண்ட் எங்க?"

கலியாணப் படம் ஆடக்கூடாதென்று, அந்தக் கமெரா ஸ்ராண்டுக்காகத் தோமஸ் புறக்கோட்டையில் கடை கடையாய் ஏறி இறங்கியவன். ஜப்பான் ஸ்ராண்டின் விலையைக் கேட்டதும் தொட்ட கையை எடுத்துவிட்டான். மலிவாய் இருந்த இன்னொன்று, தும்மினாலே விழும் போலிருந்தது. கடைசியில், மூலையில் தூசி குடித்துக் கிடந்த பழைய இரும்பு ஸ்ராண்ட். முழு உடம்பையும் சாய்த்துப் பார்த்தான், அசையவில்லை. விலையும் கைக்கடக்கம். "ஆள் சாய்ஞ்சாலும் விழாது எண்டு சொல்லிக் குடு" என்று லொறிக்காரனிடம் ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகுதான் பாதை பூட்டியது.

"வித்துத் திண்டிட்டியோ?"

"ஐயோ இல்லை அண்ணை. அண்டைக்கு அது வேற வேலையில நிண்டது."

"கலியாணத்தை விட என்ன வேலை? அப்பா ஆஸ்பத்திரியில. நான் கொழும்பில. ரெண்டு பேரும் பாக்காத கலியாணம். படத்தையாவது ஒழுங்கா எடுத்திருக்கலாமே!"

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ."

பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதம் வாங்கத் திரும்பினார்கள். படம் ஆடி ஆடி முன்வரிசைக்குப் போனது.

வெள்ளைச் சேட்டோடு, கதிரையில், அப்பா.

பக்கத்தில் அந்த இரும்பு ஸ்ராண்ட். கமெரா இருக்கவேண்டிய உச்சியில் சேலைன் போத்தல் கட்டியிருந்தது.

"ஒரு மணித்தியாலம்தான் விட்டவை அண்ணை. சேலைனைக் கழட்டவும் ஏலாது, ஆஸ்பத்திரி ஸ்ராண்டை வெளியால தரவும் ஏலாது எண்டிட்டினம்."

அப்பா ஸ்ராண்டைப் பிடித்து, முழுப் பாரத்தையும் அதில் சாய்த்து எழும்பினார். மற்றக் கையால் மகளின் நெற்றியில் சிலுவை போட்டார்.

ஸ்ராண்ட் அசையவில்லை. படம்தான் ஆடியது.

"ஆள் சாய்ஞ்சாலும் விழாது எண்டு நீங்கள்தானே அண்ணை சொல்லி விட்டனீங்கள்."

தோமஸ் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"திருப்பிப் போடு ராசா. ஆடட்டும்."