மூன்று லாரி

ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வரும் ஒரு காரில், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கப் புதிதாக ஓர் இரும்பு மவுண்டிங் வந்தது. எஞ்சின் முணுமுணுத்ததையெல்லாம் அது ஒன்றுவிடாமல் வண்டியின் பாடியிடம் ஒப்பித்தது. உள்ளே தொங்கிய கண்ணாடிக்கு உதறல் எடுத்தது. பின்னால் வந்த ஒரே லாரி அதில் மூன்றாகத் தெரிய, எதற்கு வழிவிடுவதென்று ஓட்டுபவர் திணறிப்போனார்.

“கொஞ்சம் அடக்கிச் சொல்லக் கூடாதா?” என்று கேட்டது கண்ணாடி.

“எனக்கு ஒளிவுமறைவு தெரியாது” என்றது இரும்பு.

மறுவாரமே மெக்கானிக் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும் பாலியூரித்தேன் மவுண்டிங்கைப் பூட்டினார். வண்டி புறப்பட்டபோது கண்ணாடிக்கு லேசாக ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். லாரியும் ஒன்றாகவே தெரிந்தது.

“எஞ்சின் இன்று பேசவே இல்லையா?” என்று கேட்டது கண்ணாடி.

“காலையிலிருந்து வாய் ஓயவில்லை” என்றது புது மவுண்டிங். “ கிளம்பிவிட்டோம் என்பது உனக்குத் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் என்னோடு போகட்டும்.”